மணக்காத குழம்பு

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் எமில்டா ஜன்னலோரம் இருந்தாள். காலடியில் ஒரு துணிப்பை. ஆஸ்பத்திரி வாட்டில் மறித்து வைத்தாலும் வைப்பார்கள், அதற்கு உடுப்பு என்று பக்கத்தில் இருந்த கணவன் கிறிஸ்தோப்பரிடம் சொல்லியிருந்தாள். உண்மை வேறு. டொக்டரைப் பார்த்து முடிந்ததும் கணவனை ஊர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வவுனியா நெளுக்குளத்தில் இருக்கும் மகள் கிருசாந்தினியிடம் போய்விடுவதுதான் அவளுடைய முடிவு. திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

அவளுக்குக் களைத்துவிட்டது. வீட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்த மனிதர் இரண்டு வருடமாகக் கல்லு மாதிரி இருக்கிறார். பேச்சும் தாழ்ந்துவிட்டது. கூப்பிட்டால் மெல்லத் திரும்பி, கண் வெட்டாமல் பார்க்கிறார். சட்டைப் பொத்தான்கூட அவள்தான் பூட்டிவிட வேண்டும். தெருவில் போனால் சின்னச் சின்னதாகக் கால் வைத்துப் பின்னால் இழுபடுகிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்றே நினைத்தாள்.

போன மாதம் கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பிய கிறிஸ்தோப்பர் கறிக்கென்று கொடுத்த மீன் கெட்டுப்போயிருந்தது. செவிளைத் தூக்கி மணந்து பார்க்காமல் கடற்கரையில் எவரும் வீட்டுக்கு மீன் கொண்டுபோக மாட்டார்கள். அடுத்த நாள் நல்ல ஒட்டி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, "ஒரு மணமும் இல்லை" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். அன்றைக்குத்தான் அந்தப் பையைத் தட்டித் துடைத்து வைத்தாள்.

அவருடைய வலது கை நடுங்குவதற்கு மட்டும் எல்லாரிடமும் காரணம் இருந்தது. கடைசிச் சண்டையில் பட்ட செல் குண்டின் துண்டு ஒன்று, ஊர்ப் பேச்சில் பீஸ், இன்னும் அவருடைய தோளுக்குள் இருக்கிறது. அவர்களுடைய ஊரில் தலை சுற்றினாலும் கால் விறைத்தாலும் பீஸ் வேலை காட்டுது என்பார்கள். கூடத் தொழிலுக்குப் போகும் மெல்ரொனும் அதையே சொன்னான். பீஸைத் தொட்டால் கை போய்விடும் என்று சண்டை முடிந்து இருந்த முகாமில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்தோப்பர் டொக்டர் என்றாலே வெட்டுவார்கள் என்று பயந்தார். அதனால் எமில்டா தனக்குத் தலையிடி, துணைக்கு வாங்கோ என்று கூட்டிவந்தாள். அதுவும் முழுப் பொய் இல்லை.

நரம்பு டொக்டர் ஒரு பெண். எமில்டாவின் தலையிடியைப் பொறுமையாகக் கேட்டு மாத்திரை எழுதினார். கண் மட்டும் கிறிஸ்தோப்பரின் மடியில் இருந்த கையிலேயே நின்றது. பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தன. அவருடைய தொழிலைக் கேட்டார். விரல்களைத் தட்டிக் காட்டச் சொன்னார். எழும்பி நடக்கச் சொன்னார். நடக்கும்போது அந்தக் கை வீசவில்லை.

"வலை இழுக்கேக்கையும் நடுங்குதோ ஐயா?"

"இல்லை. சும்மா இருந்தால்தான்."

"மணம் தெரியுதோ?"

"ரெண்டு வருசமா ஒண்டும் மணக்கேல்லை. கருவாடும் மணக்கேல்லை. சொன்னால் இவ கோவிக்கிறா."

எமில்டா நிமிர்ந்து பார்த்தாள்.

செல் துண்டு தோள் சதையில் சும்மா கிடக்கிறது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார் டொக்டர். இது பார்க்கின்சன் என்ற நோய். மூளையில் சில நரம்புக் கலங்கள் மெல்ல மெல்லக் குறைவதால் உடல் அசைவு மந்தமாகும். பலருக்கு மணம் முதலே போய்விடும், பிறகு நடுக்கம் வரும், நடை குறுகும், குரல் தாழும். வெட்டுத் தேவையில்லை. மாத்திரை ஆளை இலகுவாக்கும், நோயைக் குணமாக்காது. இப்போதைக்குக் கடலுக்குத் தனியாகப் போகக்கூடாது.

பிறகு எமில்டா பக்கம் திரும்பினார். "முகத்துச் சதையும் இறுகும் அம்மா. உள்ளுக்குச் சிரிச்சாலும் வெளியிலை தெரியாது. வீட்டிலை உள்ளவை கோவமெண்டு நினைக்கிறவை."

பஸ் நிலையத்தில் நெளுக்குளம் போகிற பஸ் புறப்பட நின்றது. எமில்டா அதைப் பார்க்காத மாதிரி நின்றாள். பை கிறிஸ்தோப்பரின் இடது கையில் இருந்தது.

"பை பாரமாக் கிடக்கு," என்றார் அவர். "தலையிடிக்கு ஆரும் இவ்வளவு சீலை கொண்டுபோறவையோ?"

அவள் பையை வாங்கக் கை நீட்டினாள்.

"போறதெண்டால் போ. எனக்குக் கோவமில்லை."

"தெரிஞ்சுகொண்டே தூக்கிவந்தனியளோ?"

"ஓம்."

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டாலும் இந்தக் கல்லு மூஞ்சையைப் பாத்துத்தானே மறுமொழி சொல்லுவாய்."

நெளுக்குளம் பஸ் போய்விட்டது. எமில்டா மகளுக்குப் போன் எடுத்து இன்றைக்கு வரவில்லை என்றாள். இன்றைக்கு என்பதற்கு மேல் எதையும் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

முல்லைத்தீவு பஸ்ஸில் ஏற அவர் நேரம் எடுத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவருடைய இடுப்பைத் தாங்கியபடி நின்றாள்.

இருக்கையில் இருந்ததும் கேட்டாள், "இப்ப சிரிக்கிறியளோ?"

"ஓம்."

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"கேள். சொல்லுறன்."

நெடுங்கேணி தாண்டியதும் அவள் திரும்பவும் அந்த முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"இப்ப?"

"இல்லை," என்றார் கிறிஸ்தோப்பர். "நித்திரை வருது."