காயாத தலை

“வீட்டுக்குள்ளை சிலையா நிக்கிறதெல்லாம் செத்த ஆக்கள்தான். அதுக்குள்ளை என்ரை பிள்ளையையும் நிப்பாட்டப்போறியோ?”

வின்சென்ற் போட்ட சத்தத்தில் ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் மாடிக்குடியிருப்பில் கதவுகள் மெல்லத் திறந்துகொண்டன. குப்பை கொட்டப் போனவள்போலப் படியில் நின்ற பக்கத்து வீட்டு அருள்ராணிக்குக் குப்பை கொட்டி முடியவேயில்லை. பெண்சாதி யோசெப்பின் அண்ணாந்து பார்த்தாள். அலுமாரியின் மேல் மடு மாதாவும் அந்தோனியாரும் நின்றார்கள். மனுசன் சொல்வதில் பிழை பிடிக்க இடமில்லை.

மூத்தவன் யூலியன் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவன். அதற்கு மேல் ஒரு சொல் வின்சென்ற் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. படத்துக்கு மாலை கிடையாது, கோவிலில் பூசையும் கிடையாது.

யோசெப்பின் துப்புரவு வேலைக்குப் போகும் வீட்டு ஜெர்மன்காரர் ஹெல்முட் ஒரு சிற்பி, தொண்ணூறு தாண்டியவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு உளி பிடித்தவருக்கு முதல் வேலை, கட்டடங்களிலிருந்த நாசிக் கழுகுச் சின்னங்களைக் கொத்தி எடுப்பது. பிறகு, போரில் செத்த பிள்ளைகளின் தலைகளைத் தாய்மாருக்குச் செய்துகொடுத்தார். அதில் பெயர் வந்தது. ஒஸ்லோப் பெண்சாதி வந்தாள், அவளோடு இங்கே வந்துவிட்டார். வங்கி வாசல்களுக்குச் சிங்கம் செய்தே வயது போனது. யோசெப்பின் ஒருநாள் யூலியனின் படத்தைக் காட்ட, அவனுடைய தலையைச் செய்யத் திரும்பவும் களிமண் எடுத்தார்.

இப்போது அவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். தலையைப் பிளாஸ்டரில் வார்த்தால் களிமண் சிதைந்துபோகும், முகம் நிலைத்துவிடும்; அப்படி வார்த்து வீட்டில் வைக்கத்தான் யோசெப்பின் கேட்டாள். வார்க்காமல் விட்டால் காய்ந்து வெடிக்கும்.

மறுநாள் வின்சென்ற் தானே புறப்பட்டுப் போனார். அடித்து உடைக்கத்தான் என்றாள் அருள்ராணி. ஹெல்முட்டின் பட்டறையில் ஈரத்துணியை அவிழ்த்தார். இடது காது இப்படியில்லை என்று கிழவரிடம் தமிழிலேயே சொல்லி, பெருவிரலால் மடலை அழுத்தினார். கிழவர் ஒதுங்கி இடம் விட்டார். சண்டைக்கு வரும் தகப்பன்மார் எல்லோரும் கடைசியில் காதில்தான் கைவைப்பார்களாம். கிழவர் பிறகு யோசெப்பினிடம் சொன்னார்.

தலையைத் துணியோடு வீட்டுக்குத் தூக்கிவந்து குளியலறையில் வைத்தார் வின்சென்ற்.

“வாக்கவும் வேண்டாம், காயவும் வேண்டாம்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“அவன் வருமட்டும்.”

ஹெல்முட் அந்த மாரிக்குளிரில் இல்லத்திலேயே கண்ணை மூடினார். வின்சென்றின் மகள் எமிலியா ஒரு நோர்வேக்காரனைக் கட்டிக்கொண்டு வடக்கே போனாள். தலை இருக்கிற இடத்தில் மாப்பிள்ளை எப்படிக் குளிப்பான் என்று கவலைப்பட்ட அருள்ராணியும் மகனோடு லண்டன் போய்விட்டாள். வின்சென்ற் காலையில் எழும்பியதும் பூச்செடிக்கு அடிக்கும் போத்தலால் துணிமேல் தண்ணீர் அடிக்கிறார். துணியை அவிழ்ப்பதில்லை. அடியில் வடியும் சாம்பல்நிறக் களிமண் தண்ணீரை யோசெப்பின் துடைத்துப் பிழிகிறாள். துணிப் பொட்டலம் முன்பைவிடச் சிறுத்திருக்கிறது.