ஆட்டு வருஷத்துக்கு ஆகாத நாள்

அம்மா செத்த மறுநாள் காலையில் சியோக்-லான் நாள் குறிக்கிற லியாவ் வீட்டுக்குப் போனாள். லூகாங்கில் பாதி ஊருக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர்தான் நாள் பார்த்தார். வருஷத்துக்கும் நாளுக்கும் பன்னிரண்டு மிருகங்களை முறைவைக்கிற பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, மூன்றாம் நாள் புலி நாள், காலை பத்து மணிக்குச் சவப்பெட்டியை மூடலாம் என்றார். புலிக்கு எதிர் குரங்கு. அதனால் குரங்கு வருஷத்தில் பிறந்தவர்கள் மூடும்போது பார்க்கக்கூடாது என்று இளஞ்சிவப்புத் தாளில் எழுதினார். அந்த வீட்டில் குரங்கு வருஷத்துக்காரர் யாருமில்லை.

"ஆட்டையும் சேர்த்து எழுதுங்க ஐயா" என்றாள் சியோக்-லான்.

லியாவ் தூரிகையை நிறுத்தினார். ஆட்டுக்கு ஆகாதது மாட்டு நாள்தானே, புலிக்கும் அதற்கும் என்ன பகை என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்தபடி, எழுதுங்கள் என்று மட்டும் திரும்பச் சொன்னாள். ஒருவர் கூடுதலாக விலகி நின்றால் யாருக்கும் கெடுதல் வந்துவிடாது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் எழுதினார்.

ஆட்டு வருஷத்தில் பிறந்தவள் தங்கை அ-புவான். இரண்டாவதும் பெண்ணாகப் போனதில், "நிறைஞ்சுது, போதும்" என்ற அர்த்தத்தில் அப்பா வைத்த பெயர். நாலு வருஷத்துக்கு முன்னால், ஏற்கெனவே கல்யாணமான ஒரு லாரிக்காரனோடு காவ்சியுங்குக்குப் போய்விட்டாள். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாசமும் மலம் அள்ளியது, புரட்டிப் படுக்க வைத்தது, கஞ்சி ஊட்டியது எல்லாம் சியோக்-லான். ஆனால் கடைசி ஒரு மாசம் அம்மா வாயில் வந்தது ஒரே பெயர். ஊட்டுகிற கையையே பிடித்துக்கொண்டு, "அ-புவான், வந்துட்டியா?" என்பாள். தங்கைக்குச் சொல்லி அனுப்பேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோது, விலாசம் தெரியாது என்று சொல்லிவிட்டாள் சியோக்-லான். விலாசம் அவளுடைய தையல் பெட்டிக்குள் இருந்தது. அம்மா போன பிறகுதான் தந்தி கொடுத்தாள்.

பெட்டியை மூடுகிற அன்று காலைதான் அ-புவான் வந்து சேர்ந்தாள். வெளியூர் போன மகள் வருகிற முறைப்படி சந்து முனையிலிருந்தே மண்டியிட்டு, அழுதுகொண்டே ஊர்ந்து வந்தாள். வாசலில் சியோக்-லான் அவளை நிறுத்திச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். அ-புவான் அதைப் படித்தாள். பக்கத்துச் சாம்பிராணிக் கடைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். ஆணி அடிக்கிற சத்தம் ஓய்ந்த பிறகுதான் திரும்பினாள்.

ஏழு வருஷம் கழிந்து, புதைத்த எலும்புகளை எடுத்துத் துடைத்து மறுபடி அடக்கம் செய்கிற காலம் வந்தது. அதற்குள் லியாவும் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் தொழிலை ஏற்றிருந்த மகனிடம் நாள் கேட்கலாமா என்று சியோக்-லான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அ-புவான் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள்.

"நானே நாள் பார்த்துட்டேன்க்கா. நீ எலி வருஷம், அதனால குதிரை நாளையெல்லாம் தள்ளிட்டேன். யாரும் விலகி நிக்க வேண்டாம்."

எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். அம்மாவை மூடிய நாளே தனக்கு ஆகாமல் போனதென்றால், அம்மாவுக்கும் தனக்கும் ஏதோ பொருந்தவில்லை என்று மனசுக்குள் அரித்ததாம். அதனால் வருஷா வருஷம் பஞ்சாங்கம் வாங்கிப் படித்தாளாம். எந்த நாள் எந்த மாசத்தோடு மோதும், எது உடையும் நாள், எது நிலைக்கும் நாள் என்று பன்னிரண்டு வகை நாளின் குணமும் இப்போது அத்துப்படி. கட்டிலை இடம் மாற்ற, குழந்தைக்கு முதல்முடி எடுக்க என்று தெருவே அவளிடம் வந்து நாள் கேட்கிறதாம். போன மாசம் பழைய பேப்பர் கடையில் அம்மா செத்த வருஷத்துப் பஞ்சாங்கம் கிடைத்திருக்கிறது.

"அது புலி நாள்க்கா. ஆட்டுக்கு ஒண்ணுமே இல்ல. நேரத்தையும் பார்த்துட்டேன், அதுலயும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "பாவம், லியாவ் ஐயாவுக்கு அப்பவே தடுமாறியிருக்கு போல."

 சியோக்-லான் அவள் துணிப்பையை வாங்கி உள்ளே வைத்தபடி, "இருக்கும். வயசாயிடுச்சு இல்ல" என்றாள்.

குறித்த நாளில் கல்லறையைத் திறந்தார்கள். எலும்பெடுப்பவர் குழிக்குள் இருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். வெயில் படாமல் அ-புவான் கறுப்புக் குடையைப் பிடித்தாள். மண்டையோட்டைக் கொடுத்தபோது குடையை அக்காவிடம் தந்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"அம்மா முகம் இவ்ளோ சின்னதாக்கா?"

சியோக்-லான் குடையைத் தாழ்த்தி அதன் மேல் நிழல் பிடித்தாள்.

பத்து நாள் கழித்து லியாவின் மகன் அ-செங் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். உள்ளே பன்றிக்கால் போட்ட மெல்லிய சேமியா. மற்றவர்களுக்கு நம்மால் கேடு வந்தால், அது கழிய அந்த ஊரில் கொடுப்பது அதுதான். அ-புவான் பஸ் ஏறுவதற்கு முன் அவரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை, அப்பா குறித்த மற்ற நாட்களையும் ஒருமுறை சரிபாருங்கள் என்றுதான் சொன்னாளாம். அன்றிலிருந்து அவர் அப்பாவின் நோட்டுகளையே புரட்டிக்கொண்டிருக்கிறார்.

"சாவுக்கு இனிமே நான் நாள் குறிக்கிறதில்லக்கா. அப்பா சொல்லிக் கொடுத்ததுல எது சரி, எது தப்புன்னே தெரியல" என்றார்.

சியோக்-லான் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அ-செங் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினார். "இதை முதல்ல கேட்க வேண்டியவங்க நான் இல்ல" என்று எழுந்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டுதான் போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சியோக்-லான் காவ்சியுங் போனாள். அ-புவான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா சொல்லி முடிக்கிற வரை கத்தி நிற்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று அதன் பிறகுதான் கேட்டாள்.

"கடைசி மாசம் பூரா உன்னைத்தான் கேட்டா. நான் ஊட்டினா, உன் பேரைச் சொல்லித்தான் வாயைத் திறந்தா. என்னால தாங்க முடியல."

கத்தி நின்றது.

"என்னைக் கேட்டாளா?" என்றாள் அ-புவான். அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் நிறுத்தியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அதையாவது சொல்லியிருக்கலாமேக்கா. ஏழு வருஷமா, அவ என்னை வேண்டாம்னுட்டுப் போனான்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவள் முள்ளங்கி ஈரம் காயாத கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்காவைச் சாப்பிட வைத்தாள், பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள். அடுத்து எப்போது வருவாய் என்று சியோக்-லான் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாள்.

அடுத்த வசந்தத்தில், கல்லறை துடைக்கிற நாளன்று சியோக்-லான் அரிவாளும் பூஜைச் சாமானும் சமாதி மேல் வைக்கிற வண்ணத்தாளும் எடுத்துக்கொண்டு போனாள். புல்லெல்லாம் ஏற்கெனவே அறுத்துக் கிடந்தது. அம்மாவின் புதுச் சமாதி மேல் வண்ணத்தாள்களைக் கல் வைத்து அழுத்தியிருந்தார்கள். இரவுப் பனியில் தாள்கள் நனைந்திருந்தன. அக்காவோடு சேர்ந்து நிற்காமல் அ-புவான் முந்தின நாளே வந்து போயிருக்கிறாள். தன் தாள்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் சியோக்-லான் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.