கறிவேப்பிலைக்குப் போட்ட மண்

“கறிவேப்பிலைக் கண்டு குடுத்தனீ, சரி. மண்ணையும் ஏன் சேர்த்துக் குடுத்தனீ?”

“மண் இல்லாமல் கண்டு எப்பிடியடா குடுக்கிறது? வேரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லுறியே அவவை?”

“உன்ரை அமலோற்பவம் எதிர்க்கட்சி எண்டு உனக்குத் தெரியும்தானே அக்கா.”

“கறிவேப்பிலைக்கு என்னடா கட்சி?”

பிறின்ஸ் சிரிக்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு குசினி வாசலில் சாய்ந்து நின்றான். அகஸ்ரீனா முதுகைக் காட்டிக்கொண்டு சூடை மீன் வெட்டினாள். முதல்நாள் வுச்சீரியாச் சந்தையில் வாங்கியது. கத்தி பெருவிரலில் பட்டிருந்தது. சட்டியில் தண்ணீர் சிவந்த பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது. விரலை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

அமலோற்பவம் என்பது அகஸ்ரீனா வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு அக்காவும் தம்பியும் வைத்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் இம்மக்கொலாத்தா. இரண்டும் மாதாவின் ஒரே பெயர்தான். மன்னாரில் பிறந்தவர்களுக்கு அதைப் பட்டப்பெயர் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை. பாலேர்மோ நகரில், பொலிதேயாமா அரங்கத்துக்குப் பின்தெருவில் உயர்ந்த மாடி வீடு. புருஷன் இல்லை. மகன் மிலானில். மாகாண சபையில் எதிர்க்கட்சி உறுப்பினர்.

சிஞ்ஞோரா சபையில் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மதோனியே மலையில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. அதை வடியவிட்டு விவசாய நிலமாக்கப் போவதாகச் சொல்லி அரசு பொதுப்பணத்தை இறைத்திருந்தது. அங்கே ஒரு கோதுமைக் கதிராவது விளைந்ததா? ஆடு மேயப் புல்லாவது முளைத்ததா? அந்த நிலத்தில் கிடந்த தொர்பா எங்கே போயிற்று? தொர்பா என்றால் தண்ணீருக்கடியில் பாசி அழுகி அழுகி, மனிதர் கணக்கு வைக்காத காலமாகப் படிந்த கறுப்பு மண். பூக்கன்று விற்கிறவர்கள் அதைச் சாக்குச் சாக்காக வாங்குவார்கள். விவசாயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் எழுந்து நின்று, வாய்க்கால்தான் வெட்டினோம், ஒரு பிடி மண்ணும் வெளியே போகவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த மண்ணை வெட்டிச் சாக்கில் அடைப்பதுதான் பிறின்ஸின் வேலை.

அகஸ்ரீனாவுக்கு அது போன வியாழக்கிழமைவரை தெரியாது. தம்பி மலையில் தோட்ட வேலை செய்கிறான் என்றுதான் நினைத்திருந்தாள். பிறின்ஸுக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. மண்வெட்டி, சாக்கு, லொறி. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வராமல் ஒரு பை மண் கொண்டுவருவான். பாலேர்மோவின் மண் சுண்ணாம்பு மண். தண்ணீரும் அப்படித்தான். யாராவது கொழும்பிலிருந்து விதை கொண்டுவந்து கறிவேப்பிலை போட்டால் நாலு இலை விட்டு, மஞ்சளாகி, செத்துப்போகும். பிறின்ஸ் கொண்டுவந்த கறுப்பு மண்ணில் அது செழித்து வந்தது. அகஸ்ரீனாவின் பல்கனியில் ஒலிவ் எண்ணெய்த் தகரங்களிலும் பெயின்ற் வாளிகளிலும் கண்டுகள் நின்றன. பூசை முடிந்து வெளியே வந்தால் சூசையம்மா, கத்தரீனா என்று ஒவ்வொருவராகப் பிடித்துக்கொள்வார்கள். “எங்கையிருந்து பிள்ளை இந்த மண்? எனக்கும் ஒரு பை சொல்லிவிடு.” நத்தார்ப் பண்டிகைக்கு எல்லாருக்கும் கண்டு போயிற்று. சிஞ்ஞோராவுக்கும் ஒன்று.

“இப்ப ஆதியிலையிருந்து சொல்லு,” என்றான் பிறின்ஸ். “என்ன கேட்டவ, நீ என்ன சொன்னனீ?”

அகஸ்ரீனா சொன்னாள்.

சபைக்குப் போகுமுன் சிஞ்ஞோராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டு மேசையின் தலைமாட்டுக் கதிரையில் அகஸ்ரீனாவை இருத்துவார். “இப்போது நீ அமைச்சர்,” என்பார். அகஸ்ரீனா ரப்பர் கையுறையைக் கழற்றாமலே அமைச்சராக இருப்பாள். சிஞ்ஞோரா எதிரே நின்று கைகளை ஆட்டிக் கேள்வி கேட்பார். எல்லாவற்றுக்கும் அமைச்சருக்கு ஒரே பதில்தான். “நொன் மி ரிசுல்தா.” அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவரவில்லை. மூக்கைக் கொஞ்சம் தூக்கிச் சொல்லவேண்டும். “நீ அவரைவிட நன்றாகச் சொல்கிறாய், தீனா,” என்று சிஞ்ஞோரா விழுந்து விழுந்து சிரிப்பார்.

வியாழக்கிழமை சிஞ்ஞோரா பல்கனியில் கறிவேப்பிலையைப் பெரிய சாடிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கை இரண்டும் கறுப்பாக உள்ளே வந்தார்.

“தீனா, இந்த மண் எங்கேயிருந்து வந்தது?”

“நொன் மி ரிசுல்தா,” என்றாள் அகஸ்ரீனா, பழக்கத்தில். மூக்கையும் தூக்கினாள்.

சிஞ்ஞோரா சிரித்தார். பிறகு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். அகஸ்ரீனாவுக்கு அப்போது விளங்கியது, சூசையம்மாவைப்போல இவருக்கும் ஒரு பை வேண்டும் என்று. சந்தோஷமாகச் சொன்னாள். என் தம்பி கொண்டுவருகிறான். மலையில் வேலை. அங்கே இது மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. காசு வேண்டாம், முதலாளி சும்மா கொடுப்பார். சனிக்கிழமை உங்களுக்கு இரண்டு பை கொண்டுவரச் சொல்லவா?

சிஞ்ஞோரா ஒரு மலை ஊரின் பெயரைச் சொல்லி, அங்கேயா என்று கேட்டார். அகஸ்ரீனா ஓம் என்று தலையாட்டினாள். சிஞ்ஞோரா கறுத்த கைகளோடு குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இரண்டு பை கொண்டுவரட்டோ எண்டு நீயே கேட்டனீ?” பிறின்ஸ் தலையில் கை வைத்தான். “லொறியோடை கொண்டுவாறன் எண்டு சொல்லியிருக்கலாமே.”

“எல்லாரும் மண்ணுக்குத்தானேடா கேக்கிறவை.”

“பிறகு?”

“பிறகு எல்லாத்தையும் விளங்கப்படுத்தினவ. வெள்ளிக்கிழமை ஒரு பிடியை ஜாம் போத்திலிலை போட்டு யூனிவேர்சிற்றியிலை ஆருக்கோ காட்டினவவாம். அது அந்த மண்தானாம். புதன்கிழமை சபையிலை ரெண்டாம் கட்டத்துக்குக் காசு ஒதுக்கப் போயினமாம். அதுக்கு முதல் கேக்காட்டி வசந்தத்துக்குள்ளை அந்த இடமே இருக்காதாம். உன்ரை பெயரைச் சொல்லமாட்டாவாம். என்ரை ரெண்டு கையையும் பிடிச்சுச் சொன்னவ.”

“பெயர் என்னத்துக்கு?” பிறின்ஸின் குரல் உயரவில்லை. “சாக்குக் கட்டுற ஆக்களுக்குள்ளை பாலேர்மோவுக்கு மண் காவுறவன் நான் ஒருத்தன்தான். முதலாளி பகிடி விட்டுத்தான் தந்தவர். உங்கடை பொம்பிளையளின்ரை சாடிக்குக் கொண்டுபோ எண்டு.”

முதலாளி இன்னொன்றும் சொல்லியிருந்தார். வதிவிடக் கடதாசி இல்லாதவர்களுக்கு இத்தாலிய அரசு அந்தக் குளிர்காலம் ஒரு கதவைத் திறந்திருந்தது. வேலை தருகிறவர் கையெழுத்து வைத்தால் மார்ச் முடிவதற்குள் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் கொடுத்து, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்கலாம். மார்ச்சில் வைக்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலை நடந்துகொண்டிருந்தால் வைப்பார்.

“இப்பவே வைக்கச் சொல்லிக் கேளன்,” என்றாள் அகஸ்ரீனா.

“இராத்திரியே ரெலிபோனிலை கேட்டாச்சு. ஏன் பறக்கிறாய் எண்டு கேக்கிறார். என்னத்தைச் சொல்ல? என்ரை அக்கா எதிர்க்கட்சிக்குக் கறிவேப்பிலை குடுத்திட்டா எண்டோ?”

அவள் மீனைக் கழுவினாள்.

“அப்ப உன்ரை அமலோற்பவத்தை வைக்கச் சொல்லு. வீட்டு வேலைக்கு ஆள் எண்டு போடட்டும்.”

“கேட்டனான், பிறின்ஸ். வியாழக்கிழமையே கேட்டனான். இல்லாத வேலைக்குத் தான் கையெழுத்து வைச்சால், பிறகு மற்றவையின்ரை பொய்யைப் பற்றிச் சபையிலை எப்பிடி எழும்பி நிண்டு கேக்கிறது எண்டு கேட்டவ. கூடப்பிறந்தவ மாதிரி அழுதவ. நான்தான் அழேல்லை.”

பிறின்ஸ் அவளைப் பார்த்தான். செப்டெம்பரில், மடு அகதி முகாமில் அம்மா செத்து அடக்கமும் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த நாளிலும் அவள் அழவில்லை. அன்றைக்கும் வேலைக்குப் போய், சிஞ்ஞோராவின் திரைச்சீலைகளை இறக்கித் தோய்த்துத் திரும்ப மாட்டிவிட்டு வந்தாள். அவளிடம் பெர்மெஸ்ஸோ இருந்தது, சண்டையில் மடுவுக்குப் போகப் பாதைதான் இல்லை. பிறின்ஸிடம் இரண்டும் இல்லை. அவன் மாடிப்படியில் விடியும்வரை இருந்தான். அதற்குப் பிறகு அகஸ்ரீனாவுக்கு எல்லாம் பஸ்ஸின் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பதுபோல இருந்தது. ஆட்கள் வாயசைப்பது தெரியும். என்ன சொல்கிறார்கள் என்பது கொஞ்சம் பிந்தித்தான் வந்துசேரும்.

“றெபேக்காவுக்கு இண்டைக்கு என்ன சொல்லுறது?” என்றான். அவனுடைய மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். இவனுடைய கடதாசிக்காகத்தான் அங்கே இருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அவன் அவளுக்கு ரெலிபோன் எடுப்பான்.

“போன கிழமை சொன்னதையே சொல்லு.”

“மார்ச் எண்டோ?”

“ஓம். மார்ச் எண்டு சொல்லு.”

அவன் சாப்பிட்டான். இரண்டாம்முறையும் சோறு போட்டுக்கொண்டான். கை கழுவும்போது, அவளைப் பார்க்காமல், “நாளைக்கு நீ அவவோடை ஒருக்காக் கதை அக்கா,” என்றான். “கேக்கவேண்டாம் எண்டு சொல்லாதை. மார்ச் முடியட்டும் எண்டு சொல்லு.” பின்னேர பஸ்ஸுக்கு அவன் போனபோது, வழக்கமாகக் கொண்டுபோகும் வெறும் பையை எடுக்கவில்லை. அது கதவுப்பிடியில் தொங்கியது.

திங்கட்கிழமை காலை அகஸ்ரீனா கோப்பி போட்டாள், குளியலறை கழுவினாள், படுக்கை விரித்தாள். கேட்கவேண்டியதைப் பஸ்ஸிலேயே இத்தாலிய மொழியில் சொல்லிப் பார்த்திருந்தாள். வீட்டுக்குள் வந்ததும் அது எங்கோ போய்விட்டது. தேடுவதற்கு அவசரமும் வரவில்லை. வரெக்கீனா என்ற வெளுக்கும் மருந்து போட்டுக் கழுவிக் கழுவி விரல் நுனிகள் காகிதம்போல இருந்தன.

சிஞ்ஞோரா அறையிலிருந்து வந்தார். நீலச் சட்டை, முத்துமாலை, வீட்டுச் செருப்பு. கையில் ஜாம் போத்தல். மூடியில் இன்னும் அப்ரிகொட் பழத்தின் படம் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, தலைமாட்டுக் கதிரையை இழுத்தார்.

“வா தீனா. நீ அமைச்சர்.”

அகஸ்ரீனா போய் இருந்தாள். கையுறையோடுதான் இருந்தாள். பல்கனிக் கண்ணாடிக்கு அப்பால் பெரிய சாடியில் கறிவேப்பிலை நின்றது. சாடி மாற்றினால் வாடும் என்று நினைத்திருந்தாள். வாடவில்லை. நுனியில் புதுக் கொழுந்து விட்டிருந்தது.

“கனம் அமைச்சரே,” சிஞ்ஞோரா தொடங்கினார். “ஒரு மூட்டை கோதுமை விளையாத வயலுக்கு மக்கள் பணத்தை ஏன் கொட்டினீர்கள்? உழவர்கள் விதைக்குக் கடன் கேட்டு வாசலில் நின்றபோது பணம் இல்லை என்றீர்கள். ஒரு சதுப்பை வெட்டி விற்கிறவருக்கு மட்டும் பணம் எங்கேயிருந்து வந்தது? புதன்கிழமை அதே இடத்துக்கு மறுபடி கேட்கிறீர்களே, எந்த வாயால் கேட்கிறீர்கள்?”

நல்ல குரல். சொல் எதுவும் தடுக்கவில்லை. அகஸ்ரீனா போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியோடு ஒட்டியிருந்த மண்ணில் நரைமயிர்போல ஒரு வேர்நார் தெரிந்தது. அது பிறின்ஸின் மண்வெட்டியில் அறுந்ததாக இருக்கும்.

“ஒரு பிடி மண்ணும் வெளியே போகவில்லை என்றீர்கள்.” சிஞ்ஞோரா போத்தலைத் தூக்கிப் பிடித்தார். “அப்படியானால் இது என்ன, கனம் அமைச்சரே?”

நிறுத்தினார். இது பதில் சொல்லும் இடம். கீழே தெருவில் ஒரு வெஸ்பா போயிற்று.

“சொல்லு தீனா,” என்றார் மெதுவாக. “நொன் மி ரிசுல்தா.”

அகஸ்ரீனா கையுறையை ஒரு விரல் ஒரு விரலாகக் கழற்றி மடியில் வைத்தாள். பெருவிரல் வெட்டு வெளுத்து வாய் திறந்திருந்தது. நோவு இல்லை.

“என் தம்பிக்கு மார்ச்சில்தான் கையெழுத்து,” என்றாள். அமைச்சரின் கதிரையில் இருந்துகொண்டுதான் சொன்னாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. “வேலை நின்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் அவனுக்கு வேறு வழி இல்லை. உங்களுக்குப் புதன்கிழமையை விட்டால் நாளில்லை என்றும் எனக்குத் தெரியும்.”

சிஞ்ஞோரா போத்தலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது.

“சிஞ்ஞோரா, புதன்கிழமை சபைக்குப் போகும்போது அந்தப் போத்தலை இங்கேயே விட்டுவிட்டுப் போவீர்களா?”