பத்தரைக்குள் முதல் நெருப்பு

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபது. ராகுகாலம் தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கொட்டாஞ்சேனைப் பட்டறையின் புதிய உலைக்கு முதலாளி இரத்தினசிங்கம் சந்தனப் பொட்டு வைத்துக் கற்பூரமும் காட்டிவிட்டார்.

பொறியியலாளர் யதுஷா கரைப்பான் தொட்டியை விட்டு அசையவில்லை. உள்ளே தட்டுத் தட்டாக, கோணல் பல்லை நிமிர்த்தப் பல்லில் ஒட்டும் கிளிப்புகள், அரிசியளவு. உருக்குத் தூளை மெழுகோடு பிசைந்து அச்சில் அழுத்தி எடுத்தவை. மெழுகு கரைந்து வெளியேற வேண்டும். பிறகுதான் உலை. அங்கேதான் தூள் இறுகிச் சுருங்கி உலோகமாகும்.

"சேர், பாதி மெழுகு இன்னும் உள்ளுக்குக் கிடக்கு. இப்ப சூடு காட்டினா வெடிச்சுப் போகும். பின்னேரம் வைப்பம்."

"ஐயர் தந்த நேரம் பத்தரையோட சரி, பிள்ளை."

"அப்ப வெறும் உலையை மூட்டுங்கோ. நேரமும் தப்பாது."

"முதல் நெருப்பே வெறும் வயித்தோடயோ? மிச்ச மெழுகை உலை தின்னும். ஹியூபேட், தூக்கும்!"

உலை வேலை செய்யும் ஹியூபேட் யதுஷாவைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். தொட்டியிலிருந்து தட்டுகளைத் தூக்கி உலைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை சரக்கெடுக்க பஸ்லா வந்தாள். பொரளையில் பல் வைத்தியர்களுக்குச் சாமான் கொடுப்பவள். ஒரு கிளிப்பைக் கையில் எடுத்தாள். கொப்புளம். அடுத்ததில் வெடிப்பு.

"பல்லுக்குக் கேட்டா சோளப்பொரி தாரீங்களே! இத யார்ட வாயில ஒட்டச் சொல்றீங்க?"

இரத்தினசிங்கம் சிரித்தார். "எங்கட பிள்ளை அவசரப்பட்டுட்டா, மிஸ். தொட்டியை நேரத்துக்கு முந்தித் திறந்திட்டா."

யதுஷாவுக்குக் காது சுட்டது. எடை நிறுத்துப் பார்த்து, மெழுகு போனது உறுதியாகாமல் ஒரு தட்டையும் அவள் வெளியே விட்டதில்லை.

"பொய். ராகுகாலம் வருதெண்டு எடுப்பிச்சது நீங்கள்."

"பாத்தீங்களே மிஸ், வாயும் நீளம்."

பஸ்லா கைப்பையை மூடினாள். "யாரு திறந்தாலும் சரி, அந்தக் கை இனி என்ட சாமான்ல படக்கூடாது. பட்டா ஓடர் இல்ல."

"அதுக்கென்ன, நாளையில இருந்து இவ இங்க வரமாட்டா."

ஹியூபேட் உலைக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளத்தது. காய்ந்த சந்தனப் பொட்டை மட்டும் துணி தொடாமல் சுற்றிச் சுற்றிப் போனது.

யதுஷா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஹியூபேட் அண்ணை, தட்டைத் தூக்கினது நீங்கள். ஆர் தூக்கச் சொன்னது?"