ரோட்டோரத்துப் புழுதி

1984ஆம் ஆண்டு ஆடி மாதம் அது. திண்டிவனம் பக்கத்து வல்லத்தை அடுத்த ஒரு கிராமத்தில், மல்லாட்டைக் கொல்லையில், அதாவது நிலக்கடலைக் காட்டில், களை எடுத்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் ஒரே முற்பகலில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். அவர்களைத் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் இருதயமேரி. பதினோரு பேர் கொண்ட அந்தக் கூட்டத்தைக் கூட்டிவருபவள் அவள்தான். நால்வரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் நிலத்துக்காரர் சீனுவாசன் சொன்னதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"மருந்தடிச்சு ஆறு நாளாச்சு. மூணு நாள்ல வீரியம் போயிடும்னு டப்பாவுலயே போட்டிருக்கான். வெறும் வயித்தோட வந்திருப்பாளுங்க."

எல்லோரும் கேப்பைக் கூழ் குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். அதைவிட முக்கியமான ஒன்றை அவள் கவனித்திருந்தாள். விழுந்த நால்வரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து களை எடுத்தவர்கள். ஜல்லி லாரிகள் போகப் போகச் செம்மண் புழுதி எழும்பி அங்கே கவிந்துகொண்டே இருக்கும். உள்ளே தள்ளியிருந்த ஏழு பேருக்குத் தலைவலிகூட இல்லை.

மறுநாள் பஸ்ஸில் ஜினமதியிடம் இதைச் சொன்னாள். ஜினமதி அதே ஊர் நயினார் எனப்படும் தமிழ்ச் சமணர் வீட்டுப் பெண். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுப்பவள்.

"இலையிலருந்து ஆவியாக் கிளம்புற மருந்தை வெயில் சிதைச்சிடும், மேரியக்கா."

"புழுதியில ஒட்டிக்கினு பறந்தா?"

ஜினமதி இறங்கும்போது, "அந்தப் புழுதியில ஒரு பை கொண்டாங்க" என்றாள்.

கல்லூரி மொட்டை மாடியில், வெயிலில், இரண்டு கண்ணாடிக் குடுவைகள் ஏறின. இரண்டிலும் மருந்தின் ஆவி இருந்தது. ஒன்றில் மட்டும், மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் பம்ப் செம்மண் தூளை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தது. இந்த நஞ்சு உடம்பில் முடக்குவது ஒரு நொதியை. சோதனைக்கும் அந்த மாதிரி நொதிதான் வேண்டும். ஆட்டு ஈரலிலிருந்து எடுக்கலாம் என்றார்கள் கல்லூரியில். ஜினமதிக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நொதி மனித ரத்தத்திலும் உண்டு என்பதால் தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பார்க்கப்போன இருதயமேரி குடுவைகளைச் சுற்றிவந்தாள்.

"மருந்தே இல்லாம, வெறும் புழுதிய வச்சுப் பாத்தீங்களா? புழுதிதான் ஒத்துக்கலன்னு சொல்லிடுவாங்க."

அன்றே மூன்றாவது குடுவையும் ஏறியது.

குடுவைக்கு ஒன்றாக, நொதி பூசிய சோதனைத் தகடுகளில் அவற்றில் இருந்ததைச் சொட்டுவிட்டாள் ஜினமதி. நொதி உயிரோடிருந்த இடமெல்லாம் நீலமாகியது. நஞ்சு பட்ட இடம் வெளுத்தது. வெறும் ஆவிக்குக் கடுகளவு வெள்ளைப் பொட்டு. புழுதியில் ஏறிய மருந்துக்கு எட்டணாக் காசளவு. மண்துகளின் மேல் படிந்த மருந்தைக் காற்றும் வெயிலும் சேர்ந்து சிதைப்பதற்குப் பதில் இன்னும் கொடிய நஞ்சாக மாற்றியிருந்தன. ஜினமதி நான்கு முறை செய்துபார்த்தாள். நான்கு முறையும் அதே பொட்டு.

விழுப்புரத்தில் விவசாயிகள் கூட்டம் நடந்தது. ஜினமதி விளக்கி முடித்ததும் மேடையிலிருந்த வேளாண்மை அதிகாரி கேட்டார். "தூசியே ஒத்துக்காம மயக்கம் போட்டிருக்கலாமே?"

ஜினமதி வாயைத் திறக்குமுன் இருதயமேரி எழுந்தாள். மூன்றாவது தகட்டை எடுத்து நீட்டினாள்.

"இது வெறும் புழுதிங்க. ஒரு பொட்டு இருக்குதா, நீங்களே பாருங்க."

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுக்க நீலம்.

"ரோட்டோரக் கொல்லைக்கு எத்தனை நாள் விடணும்?"

"ரோட்டோரப் புழுதிய தெனமும் எடுத்து அளந்து பாத்ததுல பதினஞ்சு நாள், சார்" என்றாள் ஜினமதி.

"இந்த வாரமே சுற்றறிக்கை போயிடும்."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு கூடமே தட்டியது. இருதயமேரிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஜினமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த பட்டத்தில் மருந்தடித்த மறுநாளே சீனுவாசன் அவள் வாசலுக்கு வந்து நின்றார்.

"மேரி, ரோட்டோரத்துல என்னிக்கு எறங்குவீங்க?"

"பதினாறாம் நாளுங்க. அதுக்கு முன்னால ஒருத்தியும் கால் வைக்கமாட்டா."

"சரி. நீ சொல்றபடியே ஆவட்டும்."

பதினாறாம் நாள் பதினோரு பெண்களும் வரிசையாக இறங்கினார்கள். விழுந்து பிழைத்த நால்வரும் முன்னால் போனார்கள். பொழுது சாயுமுன் கொல்லை முழுவதும் களையெடுத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே கரையேறினார்கள்.