சுண்ணாம்புத் தெருக் கடல்

இந்தியப் பெருங்கடலின் அடியில் காணாமல் போன நிலநடுக்கக் கருவி, ஆம்பூர் சுண்ணாம்புத் தெருக் கிணற்றில் ஜெயம்மாளின் வாளியோடு மேலே வந்தது. மஞ்சள் உருண்டை, மேலெல்லாம் சிப்பி. அதைக் கப்பலில் போய்க் கடலில் இறக்கியவள் ஜெயம்மாளின் மகள் மேகலாதான். சென்னையிலிருந்து வந்து பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கிணற்றுக்குள் கடல் எப்போது வந்தது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தோல் தொழிற்சாலையின் கழிவு இறங்கி, அந்தத் தண்ணீர் மேகலா பிறக்கும் முன்பே உப்பாகியிருந்தது. போன வருடம் திடீரென்று தெளிந்தபோது, கம்பெனிக்கு லீவு போலிருக்கிறது என்று பாத்திரம் கழுவிக்கொண்டார்கள்.

கடலடியில் இரண்டு பாறைத்தட்டுகள் ஏறாமல் இறங்காமல், எதிரெதிராகப் பக்கவாட்டில் உரசி நகரும் பிளவுகளைப் பற்றித்தான் மேகலாவின் ஆராய்ச்சி. சில வருடங்களுக்கு ஒருமுறை அவை ஒரே அளவில் குலுங்கும். தண்ணீர் ஊறிய பகுதி வந்ததும் அதிர்ச்சி அடங்கிவிடும். ஏன் அடங்குகிறது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். கருவியின் பதிவு, அந்தப் பிளவு இப்போது கிணற்றடி வழியாகத் தொழிற்சாலைக்குள் போவதாகவும், ஆடி முடிவதற்குள் குலுங்கும் என்றும் காட்டியது. தெரு அதற்கு அசரவில்லை. தெரு மனுப் போட்டுக் கேட்டதெல்லாம், தொழிற்சாலைக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் போர்வெல்லிலிருந்து ஒரு குழாய்.

அந்த மனு விசாரணைக்கு வந்தபோது தொழிற்சாலை மேனேஜர் இன்பராஜ், கருவியில் ஒட்டியிருந்த சிப்பிகளை மேசைமேல் பரப்பினார். உப்பு கடலுடையது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்றார். அது கடல் உப்புதான் என்று சான்று சொல்லி, விசாரணை அதிகாரி மேகலாவிடம் கையெழுத்துக் கேட்டார்.

"நம்ம கம்பெனியில தோலுக்குப் போட்ட உப்ப உதறித்தாம்மா உங்கப்பா உன்ன படிக்க வெச்சாரு. ஒரு கையெழுத்து. இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றார் இன்பராஜ்.

"உதறின உப்பு எங்க போச்சுன்னுதான் சார் நானும் கேக்கறேன். தண்ணி தெளிஞ்சது போன வருஷம், கடல் வந்ததும் அப்பதான். எங்கப்பா சாவும்போதே அந்தத் தண்ணிய வாயில வெக்க முடியல."

அவள் கையெழுத்துப் போடவில்லை. போடாமலே உத்தரவு வந்தது: உப்பு இயற்கையானது, எவரும் பொறுப்பல்ல. கடல் மேலயே கேஸ் போட்டுட்டானுங்க என்று ஜெயம்மாள் வாளியைத் தூக்கி எறிந்தாள்.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் வேளையில் தரை நகர்ந்தது. பிளவின் ஒரு பக்கம் கிணற்றோடு தொழிற்சாலைக்குள் போனது. மறுபக்கம் நல்ல தண்ணீர் போரோடு தெருவுக்கு வந்தது. தொழிற்சாலைச் சுற்றுச்சுவர் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஒரு ஓடு விழவில்லை. கழிவு ஊறிக் கிடந்த மண் அதிர்ச்சியைக் குடித்துவிட்டது. தேடிய விடை கிடைத்தும், அதற்குத் தெரு எத்தனை காலம் உப்பைக் குடித்தது என்று நினைத்து மேகலா பல்லைக் கடித்தாள்.

போரைத் திருப்பித் தரச் சொல்லி இன்பராஜ் மனுப் போட்டார். பழைய உத்தரவின் நகலே பதிலாக வந்தது: இயற்கையானது, எவரும் பொறுப்பல்ல. கடைசியில் மேகலாவிடமே வந்து, அடுத்த குலுங்கலில் போர் திரும்புமா என்று கேட்டார்.

"திரும்பாது சார். எந்தப் பக்கம் எப்படிப் போச்சோ, மறுபடியும் அப்படியேதான் போவும்."

"தள்ளி நில்லு சார், குடம் ரொம்பிடுச்சு" என்றாள் ஜெயம்மாள்.

தொழிற்சாலைக் கிணற்றில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அலை எழும்புகிறது. வாட்ச்மேன் ரஃபி அகமது, கடையில் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்.