ரெண்டு மணிக்கூர் தூரம்

விடியற்காலை ஐந்தே காலுக்கு டெல்சி மகளின் தலையில் வெள்ளை நெட் முக்காட்டை வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். பிரிஜாவுக்கு இன்று புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஆறரைப் பூசைக்கு முன்னால் இராஜாக்கமங்கலம்துறைக் கோயில் வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, அவரவர் அப்பா மெழுகுதிரியைக் கொளுத்திக் கையில் கொடுக்க வேண்டும். பிரிஜாவின் அப்பா மரியஜான் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். நாலு வருஷத்துக்குப் பிறகு இதற்காகவே வருகிறான். அங்கே ராத்திரி பத்து மணிக்கு விமானம் என்று சொல்லியிருந்தான். டெல்சி கணக்குப் போட்டாள். ஆகாயத்தில் ரெண்டு மணிக்கூர், திருவனந்தபுரத்திலிருந்து காரில் மூணு மணிக்கூர். மூன்று மணிக்கே வந்திருக்க வேண்டிய மனுஷனை இன்னும் காணோம்.

அந்த ரெண்டு மணிக்கூரை அவளுக்குச் சொன்னவனே அவன்தான். போகிற அன்று அவள் அழுதுகொண்டு நிற்க, டிக்கெட்டை விரித்துக் காட்டினான்.

"பாரு, இங்க அஞ்சரைக்கு ஏறுனா அங்க ஏழரைக்கு இறங்கியாச்சு. நீ நாகர்கோவில் பெய்ட்டு வாற நேரம்தான்."

அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், மழையில் ஓடு ஒழுகினாலும், கூப்பிட்டால் ரெண்டு மணிக்கூரில் வந்துவிடுவான் என்று நினைத்துத்தான் தூங்கினாள். வரவில்லை, அது வேறு விஷயம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போன் செய்து இப்போதுதான் மத்தியானச் சோறு தின்றேன் என்பான். கடல்காரனுக்குச் சாப்பாட்டு நேரம் ஏது என்று நினைத்துக்கொள்வாள்.

போன் அடித்தது. மரியஜானைக் கூட்டிவரத் திருவனந்தபுரத்துக்குக் கார் ஓட்டிப் போயிருந்த ததேயுஸ்.

"அக்கா, பிளேன் இப்பம்தான் இறங்கிருக்கு. அங்கத்த பத்து மணின்னா நமக்குப் பன்னிரண்டரை, கேட்டியளா. பறக்கவே நாலு மணிக்கூருக்கு மேல ஆவும்."

டெல்சி ஊசியும் கையுமாக நின்றாள். அடப் பாவி மனுஷா! முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அதுவும் நிற்கவில்லை. இத்தனை தூரத்தில் கிடந்தவனைப் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து நாலு வருஷம் ஓட்டிவிட்டோமே என்று நினைத்தபடி மிச்ச ஊசியைக் குத்தி முடித்தாள்.

கோயில் வாசலில் அவள் அண்ணன் இஞ்ஞாசி தீப்பெட்டியை எடுத்தான். பிரிஜா மெழுகுதிரியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"அப்பா கொளுத்தட்டும்."

கெஞ்சியும் பார்த்தார்கள், அதட்டியும் பார்த்தார்கள். மணி அடித்துவிட்டது. பதினேழு பிள்ளைகள் எரியும் திரியோடு நடக்க, பிரிஜா எரியாத திரியோடு பீடம்வரை போனாள். சாமியார் திரியைப் பார்த்துவிட்டு நன்மையைக் கொடுத்தார். டெல்சிக்குப் பூசை முழுக்கக் காதில் ஏறவில்லை.

ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்து, போட்டோவும் எடுத்து, ஆட்கள் விருந்துக்குப் போய்விட்டார்கள். அம்மாவும் மகளும் மட்டும் கோயில் படியில் இருந்தார்கள். இஞ்ஞாசியின் தீப்பெட்டி டெல்சியின் கையில் இருந்தது. மறுபடி போன். இந்தத் தடவை மரியஜானே பேசினான்.

"ராஜாக்கமங்கலம் ஜங்ஷன் தாண்டியாச்சு டெல்சி. துறைக்குப் பத்து நிமிசம்தான்."

"எந்த ஊரு பத்து நிமிசம்?"

அந்தப் பக்கம் மரியஜான் ததேயுஸை வேகமாக ஓட்டச் சொல்வது கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கடல்காற்று ஏறிக்கொண்டிருந்தது. பிரிஜா ரோட்டைப் பார்த்தபடியே, எரியாத திரியைச் சுற்றி உள்ளங்கையைக் குவித்துக் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டாள்.